பல்பு வாங்கும் முன் பெட்டியைப் படிப்போம்



சேமிப்பு, உட்கடன், பதிவேடு என்று நம் குழுக்களில் பல பாடங்களைப் படித்திருக்கிறோம். இந்த மாதம் நம்ம வீட்டுக் கூரையில் தொங்குகிற பல்பைப் பற்றிப் படிக்கப் போகிறோம். "பல்பைப் பத்தி என்ன பாடம்? ஸ்விட்சைப் போட்டா எரியும், அணைச்சா அணையும்" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தச் சின்னப் பொருளுக்காக உலக நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன, ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அந்தச் சட்டங்களின் பலன் நம் வீட்டுக்கு வர வேண்டுமானால், கடையில் நிற்கும்போது நமக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஊர் ஊராக வண்டியில் வந்து எல்.இ.டி. பல்பு விற்கிறார்கள். "ஒண்ணு முப்பது ரூபாய், மொத்தமா எடுத்தா இன்னும் குறைச்சுத் தர்றோம், குழுவுல வாங்கி வித்தா லாபம்" என்று ஆசை காட்டுகிறார்கள். சில குழுக்கள் பொது நிதியிலிருந்து பணம் எடுத்து வாங்கலாமா என்று எங்களிடம் கேட்டிருக்கின்றன. நல்ல கேள்வி. குழுப் பணம் என்பது வாரா வாரம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அதனால் முழுவதும் தெரிந்துகொண்டு முடிவு செய்வோம்.

வாட் வேறு, வெளிச்சம் வேறு

நாம் கடைக்குப் போனால் "60 வாட் குடுங்க", "9 வாட் குடுங்க" என்றுதான் கேட்கிறோம். வாட் என்பது பல்பு எவ்வளவு கரண்டைக் குடிக்கிறது என்பதற்கான அளவு. அது வெளிச்சத்தின் அளவு இல்லை. வெளிச்சத்தை அளக்க லூமென் என்று தனி அளவு இருக்கிறது. ஒரு மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லூமென். 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 முதல் 800 லூமென் வரை தரும்.

பால் மாட்டை வைத்து யோசித்தால் எளிதாகப் புரியும். மாடு தின்னும் தீவனம்தான் வாட். அது கறக்கும் பால்தான் லூமென். தீவனம் நிறையத் தின்கிற மாடு நிறையப் பால் கறக்கும் என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா? எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு பால் என்றுதானே கேட்போம். பல்புக்கும் அதே கேள்விதான். ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென்?

குண்டு பல்புக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சூடாகிப் பழுத்துத்தான் வெளிச்சம் தருகிறது. அது குடிக்கும் கரண்டில் பத்தில் ஒரு பங்கு கூட வெளிச்சமாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் வெறும் சூடு. எரிகிற குண்டு பல்பைத் தொட்டால் கை சுடுவது இதனால்தான். நல்ல எல்.இ.டி. பல்பு 9 வாட்டில் சுமார் 900 லூமென் தருகிறது. அதாவது ஏழில் ஒரு பங்கு கரண்டில் அதே வெளிச்சம், கொஞ்சம் கூடுதலாகவே.

வீட்டுக் கணக்கு போடுவோம்

1000 வாட்டை ஒரு மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கு எடுக்கிறார்கள். தினம் 5 மணி நேரம் என்று வைத்து, 60 நாளுக்குக் கணக்கு பார்ப்போம்.

60 வாட் குண்டு பல்பு ஒன்று: 18 யூனிட்.
பழைய சோக் வைத்த டியூப்லைட் ஒன்று (சோக்கையும் சேர்த்து சுமார் 52 வாட்): 15.6 யூனிட்.
20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஒன்று: 6 யூனிட்.
9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று: 2.7 யூனிட்.

ஒரு வீட்டில் மாட்டுக்கொட்டகையிலும் குளியலறையிலும் ஒவ்வொரு குண்டு பல்பு, கூடத்திலும் அடுப்படியிலும் ஒவ்வொரு பழைய டியூப்லைட் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் சேர்த்து 67.2 யூனிட் ஆகும். நான்கையும் எல்.இ.டி.க்கு மாற்றினால் 17.4 யூனிட்தான். இரண்டு மாதத்தில் சுமார் 50 யூனிட் மிச்சம்.

"எங்களுக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே, எவ்வளவு எரிஞ்சா என்ன?" என்று சில அக்காமார் கேட்கிறார்கள். 2016-ல் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் கட்டணம் படிக்கட்டு போல ஏறும். எல்லைக்குச் சற்று மேலே நிற்கிற குடும்பம் 50 யூனிட்டைக் குறைத்தால் எல்லைக்குள்ளேயே வந்துவிடலாம். அதோடு, இலவசமாகத் தருகிற கரண்டுக்கும் அரசாங்கம் மக்கள் வரிப் பணத்திலிருந்துதான் கொடுக்கிறது. இது இரண்டையும் மறக்க வேண்டாம்.

உலக நாடுகள் ஏன் சட்டம் போட்டன?

கத்தரிக்காய் சொத்தையா என்று பார்த்தே வாங்கலாம். அரிசியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கலாம். பல்பைப் பார்த்து அது எத்தனை நாள் எரியும், எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று சொல்ல முடியுமா? முடியாது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத விஷயத்தில் விற்கிறவர் ஏமாற்றுவது எளிது.

1924-ல் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவா நகரில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒரு பல்பு 1000 மணி நேரம் எரிந்தால் போதும், அதற்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு செய்து, அதிக நாள் எரியும் பல்பு தயாரித்த தங்கள் கூட்டாளிகளுக்கே அபராதம் போட்டன. பல்பு சீக்கிரம் போனால்தானே அடுத்த பல்பு விற்கும்! வாங்குகிற மக்களுக்கு இது தெரியாது. ஒரு பொருளின் தரத்தை விற்கிறவர் கையில் மட்டும் விட முடியாது என்பதற்கு இது பழைய சாட்சி.

இன்று நாடுகள் செய்யும் ஏற்பாடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: கட்டாய குறைந்தபட்சத் தரம்

"இந்த அளவுக்குக் கீழே உள்ள பல்பை எங்கள் நாட்டில் விற்கவே கூடாது" என்று கோடு போடுவது இந்த வகை.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பை நிறுத்தியது. 2010-ல் 75 வாட், 2011-ல் 60 வாட், 2012-ல் மீதி உள்ளவை என்று படிப்படியாக எடுத்தது. ஆஸ்திரேலியா 2007-ல் அறிவித்து 2009-ல் தொடங்கியது. சீனா 2012-ல் 100 வாட்டில் ஆரம்பித்து 2016-ல் 15 வாட் வரை இறங்கியது. அமெரிக்காவில் 2007-லேயே சட்டம் வந்தாலும் இழுத்துக்கொண்டே போய், ஒரு வாட்டுக்கு 45 லூமெனாவது தர வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்டில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெரிய நாடுதான், ஆனால் சட்டம் எழுதியதற்கும் கடையில் அது நடப்பதற்கும் நடுவில் 16 வருடம் ஆகிவிட்டது.

பணக்கார நாடுகள் மட்டும் இதைச் செய்யவில்லை. ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாடு 2005-லேயே சுருள் பல்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் போட்டது. 2007-ல் அங்கே அகோசோம்போ அணையில் தண்ணீர் குறைந்து கடுமையான மின்வெட்டு வந்தபோது, அரசாங்கம் 60 லட்சம் சுருள் பல்புகளை இலவசமாகக் கொடுத்துக் குண்டு பல்புகளை மாற்றியது. தரம் என்ன என்ற விதி முன்பே இருந்ததால், எதைக் கொடுப்பது என்ற கேள்வி அவர்களுக்கு வரவில்லை.

கியூபா என்ற தீவு நாட்டில் மின் நிலையங்கள் பழுதாகி மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. 2005, 2006 ஆண்டுகளில் அங்கே இளம் சமூகப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் குண்டு பல்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு சுருள் பல்பை இலவசமாக மாட்டினார்கள். வீட்டுப் பெண்களோடு பேசி, மாற்றிக் காட்டி, பழையதைக் கையோடு கொண்டு போனார்கள். நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் இது நடக்காது என்று களப்பணி செய்கிற நமக்குத் தெரியுமே.

இரண்டாம் வகை: கட்டாய முத்திரை

இங்கே விற்பனையை நிறுத்துவதில்லை. ஆனால் எந்தப் பல்பு எவ்வளவு நல்லது என்பதைப் பெட்டியில் எழுதியே ஆக வேண்டும். ஐரோப்பாவில் 'ஏ' முதல் 'ஜி' வரை எழுத்துப் போடுகிறார்கள். பல்புகளின் தரம் ஏற ஏற, 'ஏ'க்கு மேலே கூட்டல் குறிகள் சேர்த்துக்கொண்டே போனார்கள். வாங்குகிறவர்களுக்குக் குழப்பமானது. அதனால் 2021 செப்டம்பரில் பல்புகளுக்கான அளவுகோலையே மாற்றி, மறுபடியும் 'ஏ' முதல் 'ஜி' என்று கடுமையாக்கினார்கள். நேற்று முதல் மதிப்பெண் வாங்கிய பல பல்புகள் இன்று கடைசி வரிசைக்குப் போய்விட்டன. பல்பு கெட்டுப் போகவில்லை, பரீட்சைதான் கடினமானது.

மூன்றாம் வகை: விருப்பத் திட்டம்

சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல பொருள் செய்கிற கம்பெனி தானே வந்து பரிசோதனை செய்து முத்திரை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய 'எனர்ஜி ஸ்டார்' இப்படிப்பட்டது. முதலில் கம்ப்யூட்டருக்கு வந்தது, பிறகு விளக்குகளுக்கும் வந்தது. சாதாரண பல்பே நல்ல தரத்துக்கு வந்துவிட்டதால், 2024 முடிவோடு பல்புகளுக்கு அந்த முத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

விருப்பத் திட்டம் எதற்கு, நேராகச் சட்டமே போட்டுவிடலாமே என்று தோன்றும். நம் குழுவையே பாருங்கள். முதல் நாளே அபராதம் போட்டிருந்தால் எத்தனை பேர் சேர்ந்திருப்போம்? முதலில் நாலு பேர் ஒழுங்காகச் சேமித்துக் காட்டினார்கள், பிறகு எல்லோரும் பழகினோம், அதன் பிறகு தீர்மானம் போட்டு விதியாக்கினோம். விருப்பம் வழி காட்டுகிறது, சட்டம் பின்தங்கியவரையும் இழுத்து வருகிறது. இரண்டும் வேண்டும்.

நம் நாட்டில் நடந்தது

2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. 2002-ல் பி.இ.இ. என்கிற எரிசக்தி திறன் பணியகத்தை மத்திய அரசு அமைத்தது. 2006 மே மாதம் நட்சத்திர முத்திரைத் திட்டம் தொடங்கியது. ஃப்ரிட்ஜும் டியூப்லைட்டும்தான் முதலில் சேர்ந்தவை, அதுவும் விருப்பத்தின் பேரில். 2010 ஜனவரியில் டியூப்லைட்டுக்கு அது கட்டாயமானது. எல்.இ.டி. பல்புக்கு 2018 ஜனவரி முதல் கட்டாயம்.

விலையும் ஒரு பெரிய தடை. 2009-ல் ஒரு திட்டத்தில் பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்குச் சுருள் பல்பு தந்தார்கள். 2015 ஜனவரி 5 அன்று 'உஜாலா' என்கிற எல்.இ.டி. திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் ஒரே ஆர்டராகக் கேட்டதால், 2014-ல் 310 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பல்பு 2016-ல் 38 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தத் திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் பல்புகள் மக்களிடம் போயின. 2021 மார்ச்சில் 'கிராம உஜாலா' என்று பீகாரில் ஆரம்பித்து ஐந்து மாநிலக் கிராமங்களில், பழைய பல்பைக் கொடுத்தால் 10 ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு, மூன்று வருட உத்தரவாதத்தோடு கொடுத்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தனியாகக் கேட்டால் ஒரு விலை, சேர்ந்து கேட்டால் வேறு விலை. ஆனால் சேர்ந்து கேட்டபோது விலையை மட்டும் கேட்கவில்லை, தரத்தையும் உத்தரவாதத்தையும் சேர்த்தே கேட்டார்கள்.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

1. நட்சத்திரம்: பி.இ.இ. முத்திரையில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் கூடினால் கரண்ட் குறையும். அளவுகோலை அவ்வப்போது உயர்த்துவார்கள். அதனால் கடையில் பல வருடமாகத் தூங்குகிற பெட்டியை வாங்காதீர்கள், தயாரித்த தேதியையும் பாருங்கள்.

2. வாட்டும் லூமெனும்: இரண்டும் எழுதியிருக்க வேண்டும். இரண்டு பல்பும் 9 வாட் என்றால் லூமென் கூடுதலாக உள்ளதை எடுங்கள். லூமெனே போடாத பெட்டியைக் கீழே வையுங்கள்.

3. பதிவு எண்: சிமெண்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை, நகைக்கு ஹால்மார்க் என்று பார்க்கிறோம். எல்.இ.டி. பல்புக்கு பி.ஐ.எஸ். என்கிற இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உண்டு. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். பதிவு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. உத்தரவாதமும் பில்லும்: எத்தனை வருடம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி போட்ட பில் வாங்குங்கள். பில் இல்லாத உத்தரவாதம் வாய்ப் பேச்சுதான்.

இப்போது வண்டியில் வருகிற முப்பது ரூபாய் பல்புக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அது நாலு மாதத்தில் போய்விடுகிறது என்றால் வருடத்துக்கு மூன்று, மூன்று வருடத்துக்கு ஒன்பது. 270 ரூபாய். முத்திரையும் மூன்று வருட உத்தரவாதமும் உள்ள பல்பு 100 ரூபாய் என்றாலும் 170 ரூபாய் மிச்சம். விலை குறைவு என்று நினைத்தது கடைசியில் விலை கூடியதாக ஆகிவிடுகிறது.

குழு வாங்கி விற்கும்போது இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பல்பு போனால் வண்டிக்காரரை யாரும் தேட மாட்டார்கள். "நீதானே குடுத்தே" என்று நம் வாசலில்தான் வந்து நிற்பார்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம், பத்து வருடம் சேர்த்த குழுவின் நல்ல பெயர் போனால் எங்கே தேடுவது?

சுருள் பல்பும் டியூப்லைட்டும் உடைந்தால்

சுருள் பல்பிலும் பழைய டியூப்லைட்டிலும் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. அது நரம்பைப் பாதிக்கும் விஷம். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீனில் சேர்ந்து, அதைச் சாப்பிட்ட ஜனங்கள் கை கால் இழுத்துக்கொண்டு துன்பப்பட்டார்கள். 1956-ல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013-ல் உலக ஒப்பந்தம் வந்தது. 2023 நவம்பரில் கூடிய நாடுகள், பாதரசம் உள்ள டியூப்லைட்டுகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவது என்று முடிவு செய்தன.

பல்பில் இருப்பது மிகச் சிறிய அளவுதான், பயம் வேண்டாம், கவனம் போதும். உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னல் கதவைத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். கையில் உறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு, கெட்டி அட்டையால் வழித்து எடுங்கள். மூடி உள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். எரிக்கவோ கிணற்றுப் பக்கம் வீசவோ வேண்டாம். மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் உள்ள விளக்குகளையும் அவற்றின் வாட்டையும் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் உதவட்டும். மேலே உள்ளபடி இரண்டு மாத யூனிட் கணக்கு போடுங்கள்.

• ஒருவர் ஒரு பல்புப் பெட்டியைக் கொண்டு வாருங்கள். நட்சத்திரம், லூமென், பதிவு எண், உத்தரவாதம் நான்கும் எங்கே இருக்கின்றன என்று எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

• கேள்வி: எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இல்லை. எதை முதலில் மாற்றுவீர்கள்? (குறிப்பு: தினமும் அதிக நேரம் எரிவது எது?)

• பல்பு மொத்தமாக வாங்க நினைக்கும் குழுக்கள், நான்கு விஷயமும் சரியாக உள்ள பெட்டி, பில், மாற்றித் தருவதாக எழுத்தில் உறுதி ஆகியவை இருந்தால் மட்டும் வாங்குவது என்று தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்திடுங்கள். பல குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு வழியாகக் கேட்டால் விலையும் பேசலாம்.

உலகம் முழுக்க எத்தனையோ பேர் வாதாடி, சோதித்து, சட்டமாக்கிய விஷயம் நாலு வரியாகப் பெட்டியின் ஓரத்தில் அச்சடித்து இருக்கிறது. அதைப் படிக்காமல் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் குழுவில் போட்ட கணக்கில் எத்தனை யூனிட் மிச்சம் வந்தது என்று அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.